பிரபு பட்டம் யாருக்குப் போகும்? பிரிட்டிஷ் பட்டங்களின் வாரிசுச் சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் வரலாற்றைப் படிப்பவர்கள் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பிரபுவைச் சந்திக்கிறார்கள். கன்னிமாரா, பிகட், ஆம்ப்ட்ஹில் என்று ஆளுநர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவர்களுடைய பட்டங்கள் பிறகு என்ன ஆயின என்று வாசகர்கள் பலரும் கேட்கிறார்கள். பிரிட்டனின் பட்ட வாரிசுச் சட்டத்தை விளங்கிக்கொள்ள அந்தப் பெயர்களே நல்ல வழிகாட்டிகள் என்பதால், பொருத்தமான இடங்களில் அவர்களையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

‘லார்ட்’ என்று அழைக்கப்படுகிற எல்லோரும் சட்டப்படி பிரபுக்கள்தானா?

இல்லை. பிரபுக்கள் ஐந்து படிநிலையினர். மேலிருந்து கீழாக டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பரோன். 1611-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் தொடங்கிவைத்த பரோனெட் பட்டமும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதுதான். ஆனால் பரோனெட் பிரபு அல்ல, அவருக்கு ‘சர்’ என்ற அடைமொழி மட்டுமே உண்டு. நைட் பட்டம் பெற்றவரோடு முடிந்துவிடும். 1958-ஆம் ஆண்டின் ஆயுட்காலப் பிரபுக்கள் சட்டப்படி நியமிக்கப்படுகிறவர்கள் முழுமையான பிரபுக்கள். அந்தப் பட்டம் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போகாது.

குழப்பம் வருவது மரியாதைப் பட்டங்களால். டியூக்கின் மூத்த மகன் தந்தையின் துணைப் பட்டங்களில் ஒன்றைச் சூடிக்கொள்வார். இளைய மகன்கள் பெயருக்கு முன்னால் ‘லார்ட்’ போட்டுக்கொள்வார்கள். இது வழக்கம் மட்டுமே, சட்டத்தின் பார்வையில் அவர்கள் சாதாரணக் குடிமக்கள். வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தை லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில், மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன்களில் ஒருவர். அவர் தம் அரசியல் வாழ்க்கை முழுவதையும் மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில்தான் நடத்தினார்.

ஒரு பட்டம் யாருக்கு இறங்கும் என்பதை எது முடிவுசெய்கிறது?

பட்டம் உண்டாக்கப்பட்ட நாளில் எழுதப்பட்ட பட்டயம். மற்ற எதையும்விட இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வைத்திருப்பவரின் விருப்பம், அவர் எழுதிய உயில், குடும்பத்தாரின் உடன்பாடு இவை எதற்கும் இங்கே இடமில்லை. பட்டத்தை உயிலில் எழுதிவைக்க முடியாது, விற்க முடியாது, பிடித்த பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. வீடும் நிலமும் ஒருவருக்குப் போய், பட்டம் வேறொருவருக்குப் போவது சாதாரணமாக நடக்கிறது.

பெரும்பாலான பட்டயங்களில் ‘பெறுபவரின் உடல்வழி ஆண் வாரிசுகள்’ என்ற வரம்பு எழுதப்பட்டிருக்கும். முதன்முதலில் பட்டம் பெற்றவரிடமிருந்து ஆண்வழியாகவே, முறையான திருமணத்தில் பிறந்து வந்தவர்கள் மட்டுமே வாரிசுகள் என்று இதற்குப் பொருள். மூத்த மகனின் கிளை முழுவதும் அற்றுப்போனால்தான் அடுத்த மகனின் கிளைக்கு வரும். அப்படி ஒருவரும் மிஞ்சவில்லையென்றால் பட்டம் அழிந்துவிடும்.

பெறுபவரின் அண்ணன் தம்பிகள் இந்த வரம்புக்குள் வரமாட்டார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னை எழும்பூரில் உள்ள நூலகத்துக்குப் பெயர் தந்த ராபர்ட் பூர்க் 1887-இல் கன்னிமாரா பரோன் ஆனார். அவருடைய அண்ணன்தான் 1872-இல் அந்தமானில் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபு. அண்ணன் வீட்டில் ஏர்ல் பட்டம் தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கன்னிமாரா பட்டம் ராபர்ட்டிடம் தொடங்கியது. அவர் பிள்ளையில்லாமல் 1902-இல் இறந்ததும் முடிந்துபோனது. அண்ணன் பிள்ளைகளால் அதைத் தொடவும் முடியவில்லை. அந்தப் பெயர் இன்று சென்னையின் நூலகத்திலும் ஹோட்டலிலும்தான் வாழ்கிறது.

ஒரே மனிதருக்குப் பல பட்டங்கள் இருந்தால் எல்லாம் ஒருவருக்கே போகுமா?

போக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பட்டத்துக்கும் தனிப் பட்டயம், தனி வரம்பு. இதற்குக் கர்சன் பிரபுவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

வைஸ்ராயாகப் புறப்படும்முன், 1898-இல், கர்சன் அயர்லாந்துப் பரோன் பட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டார். காரணம் மிகவும் நடைமுறை சார்ந்தது. மற்றப் பிரபுக்களைப் போலல்லாமல், அயர்லாந்துப் பட்டம் உள்ளவர் காமன்ஸ் சபைக்குப் போட்டியிடலாம். இந்தியாவிலிருந்து திரும்பியபின் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். (1762-இல் ராபர்ட் கிளைவுக்குக் கிடைத்த ‘பிளாசி பரோன்’ பட்டமும் அயர்லாந்துப் பட்டம்தான், பிரபுவாகவே அவர் காமன்ஸ் சபையில் உட்கார்ந்திருந்தார்.)

1911-இல் கர்சனுக்கு ஒரே சமயத்தில் மூன்று பட்டங்கள் வந்தன. அப்போது அவருக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. எனவே பட்டயங்கள் மிகுந்த யோசனையோடு எழுதப்பட்டன. ஏர்ல் பட்டம் அவருடைய ஆண் வாரிசுகளுக்கு மட்டும். ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட் பட்டம், அவருக்கு மகன் இல்லாத நிலையில், அவருடைய தந்தையின் ஆண்வழி வாரிசுகளுக்கு. ரேவன்ஸ்டேல் பரோன் பட்டம், மகன் இல்லாத நிலையில், மகள்களுக்கும் மகள்களின் ஆண் வாரிசுகளுக்கும். 1916-இல் தந்தை இறந்ததும் குடும்பத்தின் பழைய ஸ்கார்ஸ்டேல் பரோன் பட்டம் வந்தது. 1921-இல் மார்க்வெஸ் பட்டமும் சேர்ந்தது.

1925 மார்ச் 20 அன்று கர்சன் இறந்தார். அந்த ஒரே நாளில் மார்க்வெஸ் பட்டமும் ஏர்ல் பட்டங்களும் அயர்லாந்துப் பரோன் பட்டமும் அழிந்தன. வைகவுண்ட் பட்டமும் தந்தைவழிப் பரோன் பட்டமும் தம்பி மகனுக்குப் போயின. ரேவன்ஸ்டேல் பட்டம் மூத்த மகள் ஐரீனுக்கு வந்தது. ஆனால் பெண் என்பதால் அவரால் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் உட்கார முடியவில்லை. 1958-இல் பெண்களும் ஆயுட்காலப் பிரபுக்கள் ஆகலாம் என்று சட்டம் வந்தபோது, முதல் நால்வரில் ஒருவராக அவர் நியமிக்கப்பட்டார். சொந்தப் பட்டம் கையில் இருந்தும், சபைக்குள் நுழைய அவருக்கு இன்னொரு பட்டம் தேவைப்பட்டது! 1966-இல் ஐரீன் இறந்தபின் பரம்பரைப் பட்டம் தங்கையின் மகனுக்கு இறங்கியது.

பெண்களுக்குப் பட்டம் வரவே வராதா?

மூன்று வழிகளில் வரலாம்.

முதலாவது, பட்டயத்திலேயே சிறப்பு வரம்பு இருந்தால். கர்சனுக்குச் செய்ததைப் போலவே கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கும் செய்தார்கள். அவருக்கு இரண்டு மகள்கள் மட்டுமே. 1979-இல் அவர் கொல்லப்பட்டபோது மூத்த மகள் பட்ரீஷியா பர்மா மவுண்ட்பேட்டன் கவுண்டஸ் (ஏர்ல் பட்டத்தின் பெண்பால்) ஆனார். இன்னும் பழைய எடுத்துக்காட்டு முதலாம் மார்ல்பரோ டியூக். மகன்கள் உயிரோடில்லாத நிலையில், நாடாளுமன்றமே 1706-இல் தனிச்சட்டம் இயற்றி மகள்களுக்கு வழிசெய்தது. 1722-இல் மூத்த மகள் ஹென்ரியட்டா பட்டத்தை ஏற்றார்.

இரண்டாவது, ஸ்காட்லாந்தின் பழைய பட்டங்கள் பலவற்றில், மகன்கள் இல்லாவிட்டால் மூத்த மகளுக்கு நேரடியாக இறங்கும்.

மூன்றாவது, அழைப்பாணையால் உண்டான பழைய ஆங்கிலேயப் பரோன் பட்டங்கள். இடைக்காலத்தில் மன்னர் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அழைத்து ஆணை அனுப்புவார்; அவர் போய் உட்கார்ந்தால் அதுவே பரம்பரைப் பட்டம் என்று பிற்காலச் சட்டம் கொண்டது. இவற்றுக்குப் பட்டயம் இல்லாததால் ஆண்வழி வரம்பும் இல்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மகன்களில் மூத்தவருக்கு முன்னுரிமை உண்டு, மகள்களில் இல்லை. இரண்டு மகள்கள் இருந்தால் இருவருக்கும் சம உரிமை. பட்டத்தைப் பங்குபோட முடியாது என்பதால் அது யாருக்கும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். ஒரு மகளின் கிளை மட்டும் மிஞ்சும்வரை, அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை நிற்கும். கிரே ஆஃப் கோட்னர் என்ற பரோன் பட்டம் 1496-இலிருந்து 1989 வரை இப்படி நின்றது. இத்தனை நீண்ட கோரிக்கைகளைத் தடுக்கவே, நூறாண்டுக்கு மேல் அந்தரத்தில் நின்ற பட்டத்தை எழுப்பக் கூடாது என்றும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான உரிமை உள்ளவரின் மனுவை ஏற்கக் கூடாது என்றும் 1920-களில் விதி செய்யப்பட்டது. கோட்னர் மனு அந்த விதிக்கு முன்பே போடப்பட்டதால் அது விதிவிலக்கு.

அரியணைக்கே ஆண், பெண் வேறுபாடு நீங்கிவிட்டதே. பட்டங்களுக்கு ஏன் நீங்கவில்லை?

2013-ஆம் ஆண்டின் அரியணை வாரிசுரிமைச் சட்டம் அரியணையை மட்டுமே தொட்டது. அதே ஆண்டில் பட்டங்களுக்கும் சமத்துவம் கோரி ஒரு தனிநபர் மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது, சட்டமாகவில்லை.

இன்று நிலைமை இதுதான்: அக்கா மன்னராகலாம், ஆனால் ஒரு சாதாரணப் பரோனின் வீட்டில் அக்காவைத் தாண்டித் தம்பிக்குப் பட்டம் போகிறது. தம்பி இல்லாவிட்டால், குடும்பத்தோடு பேச்சுவார்த்தைகூட இல்லாத தூரத்து ஒன்றுவிட்ட சகோதரருக்குப் போகிறது. இது அநீதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பட்டயங்களை எழுதிய மன்னர்களின் சொல்லை மீறக் கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. மார்ல்பரோவுக்காக 1706-இலேயே நாடாளுமன்றம் மீறியிருக்கிறது. ஒரு படைத்தலைவரின் மகளுக்காகச் செய்ய முடிந்ததை எல்லா மகள்களுக்காகவும் செய்ய முடியும்.

1983-இல் வில்லியம் வைட்லா என்ற அமைச்சருக்குப் பரம்பரை வைகவுண்ட் பட்டம் கொடுத்தார்கள். அவருக்கு நான்கு மகள்கள், மகன் இல்லை. பெண்களுக்கான சிறப்பு வரம்பு எழுதப்படவில்லை. 1999-இல் அவர் இறந்ததும் பட்டம் அழிந்தது.

திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தத்துப்பிள்ளைக்கும் உரிமை உண்டா?

இல்லை. சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகட்டின் கதை இதற்குப் பொருத்தம். அவருக்கு 1764-இல் பரோனெட் பட்டமும் 1766-இல் அயர்லாந்துப் பரோன் பட்டமும் கிடைத்தன. இரண்டாம் முறை ஆளுநராக வந்தபோது, தம் ஆலோசனைக் குழுவினராலேயே சிறைவைக்கப்பட்டு, 1777-இல் காவலிலேயே இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் திருமணம் ஆகவில்லை. எனவே பரோன் பட்டம் அவரோடு அழிந்தது. பரோனெட் பட்டயத்தில் மட்டும் சகோதரர்களின் பெயர் சேர்க்கப்பட்டிருந்ததால் அது தம்பி ராபர்ட்டுக்குப் போனது.

சொத்துரிமையில் சட்டம் பிற்காலத்தில் நிறைய மாறியது, பட்டங்களில் மாறவில்லை. தத்துப்பிள்ளைகள் 2004 முதல் மரியாதை அடைமொழிகளைப் பயன்படுத்தலாம். பட்டம் அவர்களுக்கு இறங்காது. பெற்றோர் பிறகு மணந்துகொண்டாலும் இங்கிலாந்துப் பட்டங்களுக்கு அது பயன்படாது. ஸ்காட்லாந்துப் பட்டங்களில் அதற்கு இடமுண்டு. பாலின அங்கீகாரச் சட்டமும் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும்கூடப் பட்டங்களைத் தொடமாட்டோம் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கின்றன.

இவர் உண்மையான மகனா என்ற சந்தேகம் வந்தால்?

ஒரு காலத்தில் சாட்சிகளும் சட்ட அனுமானங்களும்தான் இருந்தன. 1900 முதல் 1906 வரை சென்னை ஆளுநராக இருந்த ஆம்ப்ட்ஹில் பிரபுவின் குடும்பம் இதில் அரை நூற்றாண்டு சிக்கியது. அவருடைய மகன் ஜான் ரஸலின் மனைவி 1921-இல் ஜெஃப்ரி என்ற ஆண் குழந்தையைப் பெற்றார். குழந்தை தனதல்ல என்று கணவர் விவாகரத்து வழக்குப் போட்டார். 1924-இல் வழக்கு, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை வரை போனது. திருமணத்துக்குள் பிறந்த குழந்தையை முறைகேடானது என்று காட்டும் சாட்சியத்தைக் கணவனோ மனைவியோ சொல்லக் கூடாது என்ற பழைய விதியின்படி கணவர் தோற்றார். 1926-இல் ஜெஃப்ரி முறையான பிள்ளை என்று நீதிமன்றம் அறிவித்தது. 1973-இல் தந்தை இறந்ததும், பிந்தைய திருமணத்தில் பிறந்த மகன் பட்டத்தைக் கோரினார். 1976-இல் பிரபுக்கள் சபையின் சிறப்புரிமைக் குழு, 1926-இன் அறிவிப்பே முடிவானது என்று ஜெஃப்ரிக்குத் தீர்ப்பளித்தது. பிள்ளையின் நிலை ஒருமுறை தீர்க்கப்பட்டுவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அதைக் கிளறக் கூடாது. மனிதத்தன்மையுள்ள தீர்ப்பு அது.

மரபணுச் சோதனை வந்தபின் காற்று திசைமாறியது. 1683-இல் உண்டான பிரிங்கிள் பரோனெட் பட்டத்தில், பத்தாவது பரோனெட் 2013-இல் இறந்தபின் இரண்டு கிளைகள் மோதின. ஒன்பதாவது பரோனெட் எட்டாமவரின் மகனே அல்ல என்று மரபணுச் சான்று காட்டியது. வழக்கு பிரிவி கவுன்சில் என்ற அரச ஆலோசனை மன்றத்தின் நீதிக்குழுவுக்குப் போனது; 2016-இல் சான்று ஏற்கப்பட்டு, பட்டம் மற்றக் கிளைக்கு மாறியது. தந்தையும் பாட்டனும் தாங்கிய பட்டம் கைவிட்டுப் போகலாம் என்று அந்தத் தீர்ப்புக்குப் பின் பல குடும்பங்களுக்குப் புரிந்தது.

இந்தியர் யாருக்காவது பரம்பரைப் பட்டம் கிடைத்திருக்கிறதா?

வங்காளத்தின் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா 1919-இல் ராய்ப்பூர் சின்ஹா பரோன் ஆனார். 1928-இல் அவர் இறந்ததும் மகன் அருண் குமார் சபையில் இடம் கோரியபோது தடை வந்தது. பெற்றோரின் திருமணம் பல மனைவியரை அனுமதித்த இந்து முறைப்படி நடந்தது. அப்படிப்பட்ட மணத்தில் பிறந்தவர் ஆங்கிலச் சட்டப்படி முறையான வாரிசா என்பது கேள்வி. தம்பதியர் ஒருதார மணத்தை மட்டுமே ஏற்கும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்ததைக் கருதி, 1939-இல் உரிமை ஏற்கப்பட்டது. ஒரே மனைவியோடு வாழ்ந்த மனிதரின் மகன், தன் தாயின் திருமணம் திருமணம்தான் என்று மெய்ப்பிக்கப் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

1963 வரை முடியாது. டோனி பென்னின் தந்தை 1942-இல் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் ஆனார். வாரிசான அண்ணன் போரில் இறந்தார். 1960-இல் தந்தை மறைந்த நொடியில், காமன்ஸ் உறுப்பினராக இருந்த பென் பதவியை இழந்தார். 1961 இடைத்தேர்தலில் அவருடைய தொகுதியான பிரிஸ்டல் தென்கிழக்கு அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. தேர்தல் நீதிமன்றமோ தோற்ற வேட்பாளரை உறுப்பினராக அறிவித்தது. வாக்காளர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: நாங்கள் தேர்ந்தெடுத்தவரை அவருடைய அப்பாவின் பட்டம் எப்படி வெளியேற்றலாம்?

பென் விடாமல் போராடினார். 1963 ஜூலை 31 அன்று பிரபு பட்டங்கள் சட்டம் நிறைவேறியது. அன்று மாலையே அவர் பட்டத்தைத் துறந்தார். மூன்று மாதங்களுக்குள் ஹோம் ஏர்ல், பிரதமரான நான்கே நாளில், அதே சட்டத்தைப் பயன்படுத்தித் தம் பட்டங்களைத் துறந்தார். இடைத்தேர்தலில் வெல்லும்வரை அவர் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத பிரதமர்.

துறப்பதற்குக் கெடு உண்டு: பட்டம் வந்த ஓராண்டுக்குள், காமன்ஸ் உறுப்பினராக இருந்தால் ஒரு மாதத்துக்குள். துறந்தபின் திரும்பப் பெற முடியாது. துறவு அந்த ஆயுளுக்கு மட்டுமே என்பதால், 2014-இல் பென் இறந்ததும் பட்டம் மூத்த மகனுக்கு வந்தது.

பட்டத்தைப் பறிக்க முடியுமா?

அரசர் தனியாக முடியாது, நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். முதல் உலகப் போரில் எதிரியின் பக்கம் நின்றவர்களுக்காக 1917-இல் ஒரு சட்டம் இயற்றி, 1919-இல் ஆல்பனி, கம்பர்லாந்து டியூக்குகள் உள்ளிட்டோரின் பட்டங்களை நீக்கினார்கள். 2025 அக்டோபரில் அரசரின் தம்பி ஆண்ட்ரூவின் ‘யார்க் டியூக்’ பட்டம் பிரபுக்கள் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இது அந்தப் பட்டத்தை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தவிடாமல் செய்யும் வழி. பட்டத்தையே ரத்துசெய்வது வேறு.

பட்டம் வந்தால் பிரபுக்கள் சபையில் இடம் உண்டா?

இல்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேருக்கு மட்டும் இடம் விட்டு, மற்றவர்களை வெளியேற்றியது. அந்த 92 இடங்களையும் நீக்குவதற்கான மசோதாவை அரசு 2024 செப்டம்பரில் கொண்டுவந்தது.

‘லார்ட் ஆகலாம், பணம் கட்டுங்கள்’ என்ற விளம்பரங்களை நம்பலாமா?

நம்பாதீர்கள். பிரபு பட்டம் விற்பனைக்கு இல்லை. பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில் இடைத்தரகர்கள் வழியாகப் பட்டங்கள் விலைபோன ஊழலுக்குப் பிறகு, 1925-இல் அது குற்றமாக்கப்பட்டது. 1933-இல் மாண்டி கிரிகரி என்ற தரகர் அந்தச் சட்டத்தின்கீழ் சிறை சென்றார்.

விளம்பரங்களில் விற்கப்படுவது பெரும்பாலும் பழைய கிராமப் பண்ணையுரிமை, அல்லது ஸ்காட்லாந்தில் நினைவுப்பொருளாக விற்கப்படும் கையகல நிலமான நினைவுமனை. பண்ணையுரிமை சட்டப்படி வாங்கத்தக்க சொத்துதான். ஆனால் அதை வாங்கியவர் பிரபு ஆவதில்லை. நினைவுமனையை நிலப் பதிவேட்டில் பதியக்கூட முடியாது.

என் உறவினர் ஒருவருக்குப் பட்டம் வர வேண்டும் என்கிறார். எப்படி நிரூபிப்பது?

2004-இல் உருவாக்கப்பட்ட பிரபுக்கள் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதில் பெயர் இல்லாதவரை அரசு ஆவணங்கள் பிரபு என்று குறிப்பிடா. முதலில் பட்டயத்தின் வாசகத்தைத் தேடிப் படியுங்கள். ஆண்வழி வரம்பா, சிறப்பு வரம்பா என்பது அங்கேயே தெரிந்துவிடும், பலருடைய கனவு அங்கேயே முடிந்தும்விடும். பிறகு ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகள் வேண்டும். உங்கள் கிளைக்கு மூத்த கிளைகள் அனைத்தும் ஆண் வாரிசின்றி அற்றுப்போயின என்பதற்கும் சான்று வேண்டும். பெரும்பாலான மனுக்கள் திணறுவது இந்தக் கடைசிப் படியில்தான். கடல்கடந்து போன ஒரு தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை என்று காட்டுவது, இருக்கிறார்கள் என்று காட்டுவதைவிடக் கடினம்.